தடையா, கட்டணமா, கொள்முதலா: நீடித்த வளர்ச்சிக்கு உள்ளாட்சியும் வணிகர்களும் எதில் தொடங்கலாம்?

நீடித்த வளர்ச்சிக்கு உள்ளாட்சியும் வணிகர்களும் கைகோக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2015இல் ஐ.நா. அறிவித்த 17 இலக்குகளில் 11ஆவது, நகரங்களுக்கென்றே தனியாக எழுதப்பட்டது. தகராறு அடுத்த படியில்தான் வருகிறது. இந்த ஆண்டு பட்ஜெட்டில் மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பணத்தையும், ஏற்கெனவே பத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு எதை முதலில் எடுப்பது?

மேசைக்கு வரும் யோசனைகள் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். தடை போடலாம். கட்டணம் வைக்கலாம். நகராட்சி தான் வாங்கும் பொருளையே மாற்றலாம். தனியாருடன் நீண்டகால ஒப்பந்தம் போடலாம். நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் உறுதிமொழிகளை வரவேற்கலாம். பக்கத்துப் பக்கத்து ஆலைகளின் கழிவையும் தேவையையும் இணைத்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொள்முதலில் தொடங்குங்கள். மற்றவை மோசம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில அதைவிட வேகமாகப் பலன் தருபவை. ஆனால் ஒவ்வொரு யோசனையையும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதற்கு வேறு யாருடைய அனுமதியாவது வேண்டுமா? பலன் வந்ததா என்று எண்ணிப் பார்க்க முடியுமா? தலைவரும் ஆணையரும் மாறிய பிறகும் இது நிற்குமா? மூன்றுக்கும் சாதகமான பதில் தருவது கொள்முதல் ஒன்றுதான்.

தடை: கேட்கச் சுலபம், கண்காணிக்கக் கஷ்டம்

தீர்மானம் நிறைவேற்ற ஒரு கூட்டம் போதும் என்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தடைதான். செலவும் இல்லை என்று நினைக்கிறோம். செலவு அப்புறம் வருகிறது, ஆய்வாளர் சம்பளமாக.

பிளாஸ்டிக் பை விஷயத்தில் கலிஃபோர்னியாவின் கதை இதற்குப் பாடம். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2007இல் பெரிய கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. மற்ற ஊர்களும் பின்தொடர, 2014இல் மாநிலச் சட்டமே வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தடிமனான பைகளை ‘மறுபடி பயன்படுத்தக் கூடியவை’ என்று அனுமதித்தது. கடைகள் தடிமனான பையைக் கொடுத்தன, மக்கள் அதையும் ஒரே தடவையில் எறிந்தார்கள். பிளாஸ்டிக்கின் மொத்த எடை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. கடைசியில் 2024இல் இன்னொரு சட்டம் போட்டு, 2026 முதல் அந்த வழியையும் அடைக்க வேண்டியிருந்தது.

தடை வேலை செய்யும் இடங்கள் உண்டு. மாற்றுப் பொருள் கடையில் ஏற்கெனவே கிடைக்க வேண்டும். மீறுபவர் பத்து பேராக இருக்க வேண்டும், பத்தாயிரம் பேராக இருக்கக் கூடாது. ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விடக் கூடாது என்பது அப்படிப்பட்ட தடை. அதற்கு மாற்றாகக் கட்டணம், ஊக்கத்தொகை என்றெல்லாம் யோசிப்பது வீண்வேலை. சட்டம் போடுங்கள், மாதிரி எடுத்துச் சோதியுங்கள், மீறினால் இணைப்பைத் துண்டியுங்கள். சில்லறைக் கடைகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டிய தடை என்றால், உங்கள் ஆள்பலத்தை ஒருமுறை எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டணம்: வலிமையான கருவி, ஆனால் சாவி வேறொருவரிடம்

அயர்லாந்து அதே பிளாஸ்டிக் பையைத் தடை செய்யாமல், 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் கட்டணம் வைத்தது. ஒருவர் ஆண்டுக்கு 328 பைகள் பயன்படுத்தியது ஏறத்தாழ 21 ஆகக் குறைந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியதும், 2007இல் கட்டணத்தை 22 சென்ட் ஆக்கினார்கள். இந்தப் பின்கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. கட்டணம் பழகிப்போகும். உயர்த்துவதற்கான வழியையும் சட்டத்திலேயே எழுதி வைக்கவில்லை என்றால் ஐந்தாம் ஆண்டில் அது பல் இல்லாத பாம்புதான்.

மக்கள் எதிர்ப்பார்களே என்பது அடுத்த பயம். இதற்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோவையும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நகரின் நெரிசலான பகுதிக்குள் வரும் வாகனங்களிடம் வசூலிக்கும் நெரிசல் கட்டணத்தை இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் யோசித்தன. எடின்பரோ 2005 பிப்ரவரியில் முதலில் மக்களைக் கேட்டது. நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், திட்டம் அங்கேயே முடிந்தது. ஸ்டாக்ஹோம் முதலில் பேருந்துகளைக் கூட்டியது, பிறகு 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தை வசூலித்துக் காட்டியது. கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனைக்கு முன் பெரும்பாலோர் எதிர்த்த ஊரில், செப்டம்பர் வாக்கெடுப்பில் ஆதரவு சிறிய வித்தியாசத்தில் ஜெயித்தது. 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. காலியான சாலையைப் பார்த்த பிறகு வாக்களித்தவர்களுக்கும், நோட்டீஸ் மட்டும் படித்துவிட்டு வாக்களித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் ஸ்டாக்ஹோமிலும் ஒரு சிக்கல் இருந்தது. தன் ஊரில் குடியிருக்காதவர்கள்மேல் வரி போட ஸ்வீடன் நகராட்சிகளுக்கு அதிகாரம் கிடையாது. எனவே அந்தக் கட்டணம் சட்டப்படி ஒரு மத்திய வரியாக நாடாளுமன்றம் வழியாகத்தான் வர முடிந்தது. என் முதல் கேள்வியில் கட்டணம் தடுக்கிவிழுவது இங்கேதான். தென் கொரியா 1995இல் தொடங்கிய குப்பைப் பை முறையில், வீட்டுக் குப்பையை உள்ளாட்சி விற்கும் பையில்தான் கட்டிப்போட வேண்டும். பெரிய பைக்குக் கூடுதல் காசு. பையை விற்பது உள்ளாட்சிதான், ஆனால் அதற்குப் பின்னால் நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் நின்றது. உங்கள் உள்ளாட்சிக்கு அப்படிப்பட்ட அதிகாரம் ஏற்கெனவே கையில் இருந்தால் கட்டணத்தை இரண்டாவது இடத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் மேலே கடிதம் எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வேறு வேலையைப் பாருங்கள்.

கொள்முதல்: யாரையும் கேட்க வேண்டாம்

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் நகராட்சி தன் பில்களைப் பார்க்கட்டும். பணக்கார நாடுகளில் அரசுகளின் கொள்முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். தெருவிளக்கு, தண்ணீர் பம்ப், பேருந்து, தார், சிமெண்ட், காகிதம், சீருடை, துப்புரவுச் சாமான் என்று ஒரு நகராட்சி வாங்காத பொருள் குறைவு. பெரும்பாலான ஊர்களில் உள்ளூர்ச் சந்தையின் பெரிய வாடிக்கையாளர்களில் அதுவும் ஒன்று. அந்த வாடிக்கையாளர் கேட்கும் தரம் மாறினால், விற்பவர் சட்டமில்லாமலே மாறுவார்.

ஒரு பம்ப் டெண்டரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான டெண்டரில் இத்தனை குதிரைத்திறன், இத்தனை மீட்டர் உயரம், இவ்வளவு தண்ணீர் என்று கேட்டுவிட்டு, ‘குறைந்த விலை குறிப்பிட்டவருக்கு’ என்று முடிப்பார்கள். நாள் முழுவதும் ஓடும் பம்பின் ஆயுள் செலவில் வாங்கிய விலை சிறு பகுதிதான், பெரும்பகுதி மின்சாரம். மலிவான பம்பை வாங்கியதால் மிச்சமான பணம் இரண்டொரு ஆண்டிலேயே மின்கட்டணத்தில் போய்விடுகிறது. ஆனால் வாங்கும் பிரிவு வேறு, மின்கட்டணம் கட்டும் பிரிவு வேறு என்பதால் யாருக்கும் அது உறைப்பதில்லை. இங்கே மாற்ற வேண்டியது ஒரு பத்திதான். ‘பம்பின் விலை, 15 ஆண்டு மின்செலவு, பராமரிப்பு மூன்றையும் கூட்டினால் யாருடையது குறைவோ அவருக்கு’ என்று எழுதிவிட்டு, பம்ப் ஓடும் மணிநேரத்தையும் மின்கட்டண விகிதத்தையும் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு வரி: பொருத்திய பிறகு செயல்திறனை அளப்போம், சொன்னதைவிடக் குறைந்தால் அந்த வித்தியாசத்தை விற்றவர் கட்ட வேண்டும். அமெரிக்காவில் ஒரு நகராட்சியின் மொத்த எரிசக்தியில் 30 முதல் 40 சதவீதம் குடிநீர், கழிவுநீர் நிலையங்களுக்கே போகிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. ஆக இந்த ஒரு பத்தி சின்ன விஷயமல்ல.

தெருவிளக்குக் கணக்கு இன்னும் எளிது. லாஸ் ஏஞ்சலஸ் 2009இல் தொடங்கி சுமார் 1,40,000 விளக்குகளை எல்இடிக்கு மாற்றியது. அந்த விளக்குகளின் மின்செலவு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பலன் மீட்டரிலேயே தெரிகிறது, அறிக்கை எழுத ஆலோசகர் தேவையில்லை.

கொள்முதல் என்றால் உடனே ‘பசுமைப் பொருள் விலை அதிகம்’ என்ற வாதம் வரும். கோபன்ஹேகன் இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. பள்ளி, முதியோர் இல்லம் போன்ற நகரசபைச் சமையற்கூடங்களில் இயற்கை விவசாயப் பொருள்களின் பங்கை 2015க்குள் 90 சதவீதமாக்க முடிவுசெய்து, 88 சதவீதத்தை எட்டியது. அன்றாடச் சாப்பாட்டுச் செலவுக்கான தொகையைக் கூட்டவில்லை. சமையல்காரர்களின் பயிற்சிக்கு ஒருமுறை செலவழித்தார்கள். வீணாவது குறைந்தது, பருவத்துக்கேற்ற பொருள் கூடியது, அந்த மிச்சத்தில் விலை வித்தியாசம் ஈடானது. பொருளை மட்டும் மாற்றிவிட்டு, அதைப் பயன்படுத்துகிறவரை மாற்றாமல் விட்டிருந்தால் கணக்கு உதைத்திருக்கும்.

வணிகர்களுக்கு இதில் என்ன? இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் பெரிய வணிக வளாகத் திட்டம் ஒன்றை நம்பியிருந்தது. 2011இல் அது கைவிடப்பட்டதும், நகரசபையும் கல்லூரி, காவல்துறை, வீட்டுவசதி அமைப்பு போன்ற உள்ளூர் நிறுவனங்களும் தங்கள் கொள்முதல் பணம் எங்கே போகிறது என்று உட்கார்ந்து பார்த்தன. 2012-13இல் அதில் 5 சதவீதம்தான் ஊருக்குள் செலவானது. 2016-17இல் அது 18 சதவீதமானது, தொகையில் 3.8 கோடி பவுண்டிலிருந்து 11.2 கோடி பவுண்டு. பெரிய டெண்டர்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்ததால் சிறு நிறுவனங்களாலும் போட்டியிட முடிந்தது. ஒன்றை மட்டும் கலந்துவிடக் கூடாது: உள்ளூர்ப் பொருள் எல்லாம் பசுமைப் பொருள் அல்ல. பக்கத்துத் தெரு அச்சகம் கண்ட மையையும் சாக்கடையில் ஊற்றலாம். இரண்டு நிபந்தனைகளும் டெண்டரில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நகராட்சி பில்லை எட்டு மாதம் கழித்துப் பட்டுவாடா செய்தால், இந்த நல்ல டெண்டர் எதிலும் சிறு நிறுவனம் கலந்துகொள்ளாது. கடன் வாங்கிக் காத்திருக்கும் வசதியுள்ள பெரிய ஒப்பந்தக்காரரே மறுபடி மறுபடி வருவார், காத்திருப்பதற்கான வட்டியையும் விலையில் சேர்த்துக்கொண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பொது அமைப்புகளுக்கு 30 நாள் கெடு வைத்த காரணம் இதுதான். மரம் நடுவதைவிட, பில்லை முப்பது நாளில் கொடுப்பது உள்ளூர்த் தொழிலுக்கு அதிகம் உதவும் என்று நான் நினைக்கிறேன்.

கொள்முதலின் குறையும் சொல்ல வேண்டும். இது மெதுவானது. ஒப்பந்தம் முடியும்போதுதான் மாற்ற முடியும். தணிக்கைக்குப் பயந்த அதிகாரி ‘குறைந்த விலை’ என்ற பழைய பாதுகாப்பை விட்டு வர மாட்டார்; மொத்தச் செலவைக் கணக்கிடும் முறையை நகர்மன்றமே எழுத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அவர் கையெழுத்துப் போடுவார்.

தனியார் ஒப்பந்தம்: பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

கையில் முதலில்லாத நகராட்சிக்கு இது கவர்ச்சியான வழி. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வித்தியாசம் ஒப்பந்தத்தின் அமைப்பில் இருக்கிறது. பெர்லின் 1996இல் தொடங்கிய எரிசக்தி சேமிப்புக் கூட்டுத் திட்டத்தில், தனியார் நிறுவனம் தன் பணத்தில் அரசுக் கட்டடங்களின் வெப்பமூட்டும் கருவி, விளக்கு, கட்டுப்பாட்டுச் சாதனங்களை மாற்றுகிறது. இவ்வளவு சதவீதம் சேமிப்பு என்று உறுதி தருகிறது. சேமித்த பணத்திலிருந்துதான் அதற்குக் கூலி. 1,300க்கும் மேற்பட்ட கட்டடங்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு எரிசக்தி மிச்சமானது. சேமிக்காவிட்டால் நஷ்டம் நிறுவனத்துக்கு. அளப்பது இரண்டு தரப்புக்கும் அவசியமாகிவிடுவதால் யாரும் ஏமாற்றிக்கொள்ள முடிவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் சிகாகோ. 2008 டிசம்பரில் அந்நகரம் தன் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 115 கோடி டாலருக்குக் குத்தகை விட்டது. நகர்மன்றத்துக்கு யோசிக்கச் சில நாள்களே கிடைத்தன. நகராட்சி மீட்டர்களைத் தானே வைத்திருந்தால் அந்தக் காலத்தில் கிடைத்திருக்கக் கூடிய மதிப்பைவிட 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டது என்று நகரத்தின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே 2009இல் கணக்குச் சொன்னார். பட்ஜெட் பள்ளத்தை நிரப்ப வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் தீர்ந்தது. ஒப்பந்தமோ 2084 வரை. நீடித்த வளர்ச்சியோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், பேருந்துக்கோ சைக்கிளுக்கோ பாதை ஒதுக்க ஒரு பார்க்கிங் இடத்தை எடுத்தால், நகரம் அந்த நிறுவனத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும். வருங்காலத்துச் சாலையின் வடிவத்தையும் சேர்த்து விற்றுவிட்டார்கள்.

ஆகவே ஒப்பந்தம் வந்தால் நான் பார்க்கும் முதல் பக்கம் விலைப் பக்கம் அல்ல, கால அளவு. பாரிஸ் நகரத் தண்ணீர் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்தது 1985இல், 25 ஆண்டுக் கெடுவோடு. கெடு முடிந்ததும் 2010இல் நகரமே எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டிலேயே சுமார் 3.5 கோடி யூரோ மிச்சமானது, 2011இல் தண்ணீர்க் கட்டணம் 8 சதவீதம் குறைந்தது. தனியார் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திரும்பி வரக் கதவு இருந்ததால்தான் திரும்பி வர முடிந்தது.

உறுதிமொழிகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐரோப்பிய ஆணையம் 2020இல் ஆராய்ந்த சுற்றுச்சூழல் விளம்பர வாசகங்களில் பாதிக்கு மேல் தெளிவற்றவை, தவறான எண்ணம் தருபவை, அல்லது ஆதாரமற்றவை. நல்லெண்ணம் இல்லை என்று சொல்லவில்லை; அளக்க யாரும் இல்லை, சொன்னதைக் கைவிட்டால் கேட்கவும் யாரும் இல்லை. சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கென ஒதுக்கும் நிதியை, வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்து ஆண்டுதோறும் நடக்க வேண்டிய வேலையைத் தொடங்காதீர்கள், ஒருமுறைச் செலவுக்குக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய்களில் மீட்டர் வைப்பது, கட்டடங்களில் எரிசக்தி ஆய்வு செய்வது போன்றவை புகைப்படத்துக்கு உகந்தவை அல்ல. அதனால்தான் அதற்கு வேறு யாரும் பணம் தருவதில்லை.

உறுதிமொழியை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியும் என்றால் அது டோக்கியோ செய்த விதம். 2002 முதல் பெரிய கட்டடங்களையும் ஆலைகளையும் தங்கள் கரிம உமிழ்வைக் கணக்கெடுத்து அறிக்கை தரச் சொன்னது. குறைப்பது அவரவர் விருப்பம். பல ஆண்டு அறிக்கைகள் சேர்ந்தபின், 2010 ஏப்ரலில் சுமார் 1,300 இடங்களுக்குக் கட்டாய உச்சவரம்பு வைத்தது. ஐந்தாம் ஆண்டில் உமிழ்வு 25 சதவீதம் குறைந்திருந்தது. கணக்கு ஏற்கெனவே நிறுவனங்களின் கையாலேயே எழுதப்பட்டிருந்ததால், அடிப்படை அளவைப் பற்றிச் சண்டை பிடிப்பது கடினமாகிவிட்டது.

ஆலைகளை இணைப்பது

டென்மார்க்கின் காலுண்போர் என்ற தொழில் நகரம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிறது. ஒரு ஆலையின் கழிவு அடுத்த ஆலையின் மூலப்பொருள் ஆனது: எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் மிச்ச வாயு ஜிப்சம் பலகை ஆலைக்கு, மின்நிலையத்தின் வெப்பம் ஊர் வீடுகளுக்கு, மின்நிலையப் புகையைச் சுத்தப்படுத்தும்போது கிடைத்த ஜிப்சம் மறுபடி பலகை ஆலைக்கு என்று போயின. இதைப் பார்த்துவிட்டு ‘நாமும் அப்படி ஒரு தொழிற்பேட்டை கட்டுவோம்’ என்று கிளம்புகிறார்கள். காலுண்போரை யாரும் அப்படித் திட்டமிட்டுக் கட்டவில்லை. 1961இல் நிலத்தடி நீர் போதாது என்பதற்காக, டிஸ்ஸோ ஏரியிலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் போட்டதில் அது தொடங்கியது. அப்புறம் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனி வியாபாரமாக, இரண்டு பக்கமும் லாபம் பார்த்து, பல பத்தாண்டுகளில் வளர்ந்தது. ஆலை மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊர் என்பதும் உதவியது.

எனவே உள்ளாட்சியின் வேலை இங்கே குறைவு, ஆனால் குறிப்பானது. யார் எவ்வளவு சுடுநீர், நீராவி, சாம்பல், உப்பு வெளியேற்றுகிறார்கள் என்ற பட்டியலை ஒரே இடத்தில் வைப்பது. பொதுச் சாலைக்கு அடியில் குழாய் கொண்டுபோக அனுமதியை இழுத்தடிக்காமல் தருவது. மீதியை லாபநோக்கம் பார்த்துக்கொள்ளும்.

வணிகர்கள் என்ன வரிசையில் செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வரிசை இது: முதலில் சொந்த மின், தண்ணீர் பில், பிறகு பக்கத்து ஆலையோடு கழிவுப் பரிமாற்றம், பிறகு தங்களுக்குப் பொருள் தரும் சிறு நிறுவனங்களுக்கு நேரத்துக்குப் பணம். நன்கொடை கடைசியில். பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

வரிசை மாறும் ஊர்களும் உண்டு. ஒரே பெரிய ஆலையை நம்பி நிற்கும் ஊரில் கொள்முதல் பெரிதாக எதையும் அசைக்காது. நகராட்சி வாங்கும் பொருள்களைவிட அந்த ஆலையின் தண்ணீர்ப் பயன்பாட்டின் தாக்கம் பெரிது. அங்கே கழிவுநீர்த் தடையும் மறுபயன்பாட்டு நீர் விநியோகமும்தான் முதலில் வர வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் சுற்றுலா ஊரில், அதிகாரம் கிடைக்குமானால், கட்டணத்தை முதலில் வைக்கலாம். குப்பை போடுகிறவர் அங்கே வாக்காளர் இல்லை என்பதால் அரசியல் செலவும் குறைவு. மற்ற எல்லா ஊரிலும் அடுத்து முடியப்போகிற மூன்று ஒப்பந்தங்களின் தேதியைப் பாருங்கள். அதில் மின்சாரத்தை அதிகம் தின்பது எது என்று கேளுங்கள். அந்த டெண்டரின் தேர்வு விதியை நகர்மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.